கெயின் கூடினால் மை பரவும்

என் மனைவியின் குரல் பெரிய குரல். பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. அது உத்தியோகத்தில் வளர்ந்த குரல். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். உள்ளே செல்போன் கொண்டுபோக விட மாட்டார்கள். அறைகளையும் ஒட்டி ஒட்டிக் கட்ட மாட்டார்கள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததுக்குப் பரவக் கூடாது என்று தள்ளித் தள்ளி, நடுவில் வேப்பமரம் வைத்துக் கட்டியிருப்பார்கள். ஆகவே ஒன்பதாம் நம்பர் அறைக்கு "போதும், நிப்பாட்டுங்க" என்று சொல்ல இருக்கும் ஒரே கருவி வாய்தான். பதினைந்து வருஷம் இப்படிப் பேசிப் பழகியதில், வீட்டில் அவள் "காப்பி வேணுமா?" என்று கேட்டால் தெருவில் ரெண்டு பேர் வேணும் என்பார்கள்.

நான் திருத்தங்கலில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், வருஷக் கடைசியில் காலண்டர். மிச்ச நேரத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பேன். ராக் வகை. ஒருமுறை நான் மாடியறையில் வாசித்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் மரம் அறுக்க ஆள் வந்திருப்பதாக நினைத்துக் கீழ்வீட்டுக்காரர் ஒரு கட்டில் காலைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். "இதையும் ரெண்டு இஞ்சு அறுத்துக் குடுங்க அண்ணாச்சி" என்றார். கிட்டாரைக் காட்டியதும் அவருக்கு என்மேல் இருந்த மரியாதை போய்விட்டது. தச்சன் என்று நினைத்தவரைக்கும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

எங்களிடம் ஒரு பாட்டு இருந்தது. வரிகள் அவளுடையவை, மெட்டு என்னுடையது. தமிழில் மழையைக் கூப்பிடுகிற பாட்டு எக்கச்சக்கம் உண்டு. எங்கள் பாட்டு மழையைக் கூப்பிடவும் செய்யும், விரட்டவும் செய்யும். காரணம் இருக்கிறது. அவள் பிறந்த வீடு வெம்பக்கோட்டைப் பக்கம், வானம் பார்த்த பூமி. அங்கே மழை வேண்டும். வேலை பார்க்கிற இடத்தில் வெடி வெயிலில் காய வேண்டும்; அங்கே மழை கூடாது. சரணத்தை முணுமுணுக்கிற மாதிரி பாடுவாள்:

வா மழையே, மெல்ல வா,
எங்கப்பன் கம்பங்காட்டுக்கு
ஒரு மொழம் ஈரம் தா.

அப்புறம் நான் கிட்டாரில் மரம் அறுக்க ஆரம்பிப்பேன். அவள் பல்லவியை எடுப்பாள்:

ஏ மழையே, நில்லு!
என் வெடி காயுது, தள்ளிப் போ!

அந்த 'ஏ' இருக்கிறதே, அது ஒன்பதாம் நம்பர் அறைக்குப் போகிற 'ஏ'. வருஷக்கணக்காக வீட்டுக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தோம். பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றியதில்லை. நாளைக்கும் இருக்கப்போகிற குரல்தானே.

தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்ட வாரம், அவள் கழுத்தில் இருந்த வீக்கத்தை மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். தைராய்டில் கட்டி. மோசமான கட்டி இல்லை, ஆனாலும் எடுத்துவிட வேண்டும் என்று மூன்று வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார். பிறகு ஒரு படிவத்தைப் படித்துக் காட்டினார். குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிலருக்குக் கொஞ்ச நாள் தொண்டை கம்மும். எப்போதாவது ஒருவருக்கு உச்சத்தில் எடுக்கிற குரல் திரும்பாமல் போவதும் உண்டு.

"நீங்க பாடுறவங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார், கத்துறவ" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், விருதுநகர் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது சொன்னாள்: "அந்தப் பாட்ட எடுத்துருவோமா?"

"அதுக்கென்ன, எடுத்துருவோம்" என்றேன்.

இருபத்தோரு நாள் இருந்தது. பாட்டு நாலு நிமிஷம். புத்தியுள்ள மனிதன் மறுநாள் காலையில் மைக்கை நிறுத்தி அவளைப் பாடச் சொல்லியிருப்பான். நான் ப்ரீஆம்ப் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன்.

ப்ரீஆம்ப் என்பது ஒன்றுமில்லை. மைக்கிலிருந்து வருகிற சத்தம் எறும்பு நடக்கிற அளவுதான் இருக்கும். அதைப் பெரிதாக்கிக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புகிற பெட்டி. என்னிடம் இருந்த மேடை மைக்குக்கு ஒரு சாதாரணப் பெட்டியே போதும். ஆனால் இணையத்தில் போய்க் கேட்டால் யாரும் போதும் என்று சொல்வதில்லை. வீடியோவுக்கு மேல் வீடியோவாக, தாடி வைத்தவர்கள் கறுப்புப் பெட்டிகளின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கட்சி, ப்ரீஆம்ப் 'க்ளீன்' ஆக இருக்க வேண்டும், உள்ளே போனது அப்படியே வெளியே வர வேண்டும் என்றது. இன்னொரு கட்சி, ராக் கிட்டாருக்கும் குரலுக்கும் 'கலர்' வேண்டும், டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய பெட்டிதான் அதைக் கொடுக்கும் என்றது.

கலர் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அது நம்ம ஏரியா. பதிவு செய்கிறவர்களின் குழு ஒன்றில் சேர்ந்து, "நீங்கள் சொல்லும் கலர் நாலு கலர் சேர்க்கையா, தனி மையா?" என்று அடக்கமாக ஒரு கேள்வி போட்டேன். பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் மட்டும் மெனக்கெட்டு, "அண்ணா, அது சத்தத்துக்குச் சொல்றது" என்று எழுதினார். அவர் நன்றாக இருக்கட்டும்.

இந்த ஆராய்ச்சியில் ஒரு வாரம் போனது. கடைசியில் க்ளீன் கட்சியில் சேர்ந்து ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்தேன். உள்ளங்கை அகலம், முன்னால் ஒரு திருகு, அதில் 'கெயின்' என்று எழுதியிருந்தது.

இங்கே நான் கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். அச்சில் படம் என்பது முழுக்கப் புள்ளிகள். தகட்டில் சின்னதாக இருக்கிற புள்ளி, காகிதத்தில் பட்டதும் மை ஊறி வீங்கும். அந்த வீக்கத்துக்குத்தான் எங்களிடம் கெயின் என்று பெயர். கெயின் கூடினால் படம் இருண்டுவிடும். ஒரு வருஷம் ஒரு நகைக்கடை முதலாளியின் படம் போட்ட காலண்டரில் கெயின் கூடி, மனிதர் கரிமூட்டத்துக்குள் நின்று சிரிக்கிற மாதிரி வந்து, முழு லோடும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து மெஷின் பக்கம் யாராவது "கெயின் அடிக்குது" என்று சொன்னால் சாப்பிடுகிற சோற்றை விட்டுவிட்டு ஓடுவேன்.

அப்படிப்பட்ட ஆளிடம் 'கெயின்' என்று எழுதிய திருகைக் கொடுத்தால் என்ன செய்வான்? இடது கோடிக்குத் திருகி வைத்தேன். பூஜ்யத்துக்கு மேலே ஒரு எள் அளவு. இது கூடாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் திருகே வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். வெள்ளைக்காரனாக இருந்தாலும் விவரமாகச் செய்திருக்கிறான் என்று பாராட்டவும் செய்தேன்.

முதலில் கிட்டார். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை ஒட்டி வைத்து அறுத்தேன். அற்புதமாக வந்தது. கிட்டார் ஸ்பீக்கர் போடுகிற சத்தத்துக்கு அந்த எள் அளவு கெயினே போதும் என்பது எனக்குத் தெரியாது. பெட்டியின் குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து அவள். சரணத்தைப் பாடினாள். போட்டுக் கேட்டால், வெம்பக்கோட்டை அணைக்கு அந்தக் கரையில் நின்று யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரில் சத்தத்தை ஏற்றினேன். குரலோடு சேர்ந்து 'உஸ்' என்று ஒரு இரைச்சலும் ஏறியது.

"என்னங்க, பக்கத்துல பாம்பு இருக்கா?" என்றாள்.

"பெட்டி சரியில்ல."

"கிட்டாருக்கு நல்லாத்தான வந்துச்சு?"

"இது க்ளீன் பெட்டி. பொம்பளக் குரலுக்குக் கலர் வேணும்" என்றேன். எனக்கு எதுவும் தெரியாதபோது குரல் கனமாகிவிடும்.

கலருக்கு என் பள்ளிக்கூட நண்பனிடம் போனேன். சாத்தூர் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கொடை எல்லாவற்றுக்கும் மைக்செட் போடுகிறவன் அவன்.

"மாப்ள, ஒங்கிட்ட ப்ரீஆம்ப் இருக்கா, டிரான்ஸ்பார்மர் வச்சது?"

"பழைய மிக்ஸருக்குள்ள இருக்கு. எதுக்குலே?"

"அது என்ன கலர்?"

"சாம்பக் கலரு. தூசியத் தொடச்சா கருப்பு." என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏலே, இருபது வருசமா மைக் கட்டுறேன். ஒருத்தன்கூட எங்கிட்ட இதக் கேட்டதில்ல. வீட்ல ஒண்ணும் பிரச்சினையில்லையே?"

பிரச்சினையைச் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாளே ஆட்டோவில் அந்த மிக்ஸரை ஏற்றிக்கொண்டு வந்தான். மிக்ஸர் கொண்டுவந்திருக்கிறான் என்று நான் சொன்னதும் மனைவி தட்டு எடுத்து வந்தாள். ரெண்டு பேர் பிடித்துத்தான் மாடிக்கு ஏற்ற முடிந்தது. இறக்கி வைத்த கையோடு, "முகூர்த்தம் இருக்குடா" என்று ஓடிவிட்டான். நின்று ஒரு பார்வை பார்த்திருந்தால் அன்றைக்கே என் மானம் போயிருக்கும்.

அதிலும் ஒரு திருகு. அதிலும் 'கெயின்'. அதையும் பயபக்தியோடு குறைத்து வைத்தேன். அதே அணைக்கட்டு, அதே பாம்பு.

ரெண்டாவது வாரமும் போயிற்று. எனக்கு மூன்றாவது பெட்டிமேல் கண் விழுந்தது. பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரி கண்ணாடி வால்வு வைத்தது, உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் எரியும். அவள் அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போர்வை, பிளாஸ்க், மாற்றுச் சேலை என்று பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டு என்னாச்சு என்று கேட்கவே இல்லை. பாட்டை எடுத்து முடித்தால் அடுத்தது ஆஸ்பத்திரிதான் என்று என் கால் பின்னால் இழுத்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அந்த அளவுக்கெல்லாம் எனக்கு ஓடவில்லை. அன்றைக்கு ஓடியது வால்வு ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. புதன்கிழமை போய்ப் படுக்க வேண்டும். நான் செல்போனில் வால்வுப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மாடியறைக்கு வந்து, மைக்குக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்ன பாக்குறீக?"

"இன்னொரு பெட்டி. இது வந்துட்டா..."

"எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழம."

அவள் அந்தச் சின்னப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பெனியில் திரி வைத்த வெடியைச் சரிபார்க்கிற மாதிரி.

"இந்தத் திருகு என்னது?"

"கெயின்."

"எதுக்கு இம்புட்டுக் கொறச்சலா வச்சிருக்கீக?"

"கூட்டக் கூடாதுப்பா. கெயின் கூடினா மை பரவிரும்."

அவள் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் விரலை விட்டுத் தடவி, விரலை என்னிடம் நீட்டினாள்.

"இதுல மை எங்கன இருக்கு?"

அந்த விரலைப் பார்த்தேன். அதில் மை ஒட்டி வரவில்லை. இருபது வருஷம் மெஷின் பார்த்த மூளை, ரெண்டு வாரமாக ஒரு மைக்குக்கு மை ஊற்றிக் காவல் காத்திருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே திருகை வலது பக்கம் திருப்பினாள். பாதி தாண்டி, முக்கால். பிறகு மைக்கைப் பார்த்து மெல்ல, "வா மழையே" என்றாள்.

ஹெட்போனில் அவள் என் காதோரம் உட்கார்ந்திருந்தாள். பாம்பு இல்லை, அணை இல்லை. மூச்சு இழுப்பது கேட்டது. உதடு பிரிகிற சின்னச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து நான் கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. கண் கலங்கிவிட்டது. ரெண்டு வாரத்தை வீணடித்த அவமானத்தில் கலங்கியது என்று அவளிடம் சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை.

சரணத்தை அப்போதே எடுத்து முடித்தோம். பல்லவிக்கு வந்தாள். "ஏ மழையே!" என்றதுதான், பெட்டியில் சிவப்பு லைட் எரிந்து, தகரத்தைக் கிழிக்கிற மாதிரி வந்தது. முணுமுணுப்புக்கு ஏற்றிய கெயின் கத்தலுக்குத் தாங்காது. பாட்டு முழுக்க ஒரே கெயினில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்; குறைத்தால் சரணம் போகும், கூட்டினால் பல்லவி போகும். நான் மறுபடி வால்வை நினைக்க ஆரம்பித்தேன்.

"நீங்க அச்சடிக்கிறப்ப நாலு கலரையும் ஒரே தகட்டுலயா அடிப்பீக?" என்றாள்.

"இல்ல. தனித்தனியா."

"அப்பிடி அடிங்க."

அவ்வளவுதான் விஷயம். சரணம் க்ளீன் பெட்டியில், கெயின் ஏற்றி, ஏற்கெனவே முடிந்தது. பல்லவியைத் தனியாக மிக்ஸரில், கெயினைக் குறைத்து எடுக்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் கொடுக்கிற அந்தச் சொரசொரப்பு கத்தலுக்கும் கிட்டாருக்கும் பொருத்தமாக இருந்தது. ரெண்டு கட்சிக்காரர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தனை ஒருத்தன் திட்டாமல் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. அறைக்குள் அவளுக்கு முழுக்குரல் எழும்பவில்லை. "செவத்தப் பாத்து எப்பிடிக் கத்த? எதிர்ல தூரமா ஆள் இருக்கணும்" என்றாள். நண்பனுக்குப் போன் போட்டேன். நீளமான வயரோடு வந்தான். மைக்கை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவர் ஓரமாக நிறுத்தினோம். வந்தவன் திருகைப் பார்த்து, "முன்னாடி எம்புட்டுல வச்சிருந்த?" என்று கேட்டான். மனைவி சொல்லிவிட்டாள். அவன் படியில் உட்கார்ந்து சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தோம்.

அவள் சேலையை இடுப்பில் செருகினாள். திருத்தங்கல் கூரைகளைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள்.

"ஏ மழையே, நில்லு!"

நாலு வீடு தள்ளிக் காக்கை பறந்தது. கீழ்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, "அண்ணாச்சி, வீட்ல சண்டையா?" என்றார். அடுத்த மாடியில் ஒரு அக்கா மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தார். மழை என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. படியேறி ஓடி வந்து, சாக்கை விரித்து மிளகாயை வாரி வாரிக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

"மழையா? எங்கன? எந்தப் பக்கம் வருது?"

"வரல அக்கா, போகச் சொல்லுதேன்!"

"யார?"

"மழைய!"

அக்கா சுத்தமான நீல வானத்தை ஒருமுறை பார்த்தார், இடுப்பில் சேலையைச் செருகி நிற்கிற என் மனைவியை ஒருமுறை பார்த்தார். "ஆசுபத்திரிக்குப் போறன்னாகளே, கழுத்துக்குத்தானே?" என்றார்.

நண்பன் மறுபடி படியில் உட்கார்ந்துவிட்டான்.

மூன்று தரம் பாடினாள். மூன்றாவது தரம் உச்சத்தில் போய் நின்ற 'ஏ' எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. முடித்ததும் கழுத்தில் கை வைத்துத் தடவிக்கொண்டாள். "போதும்ல?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். நண்பன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வயரைச் சுருட்டினான்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விழித்ததும் அவள் ஏதோ சொன்னாள். காற்றுதான் வந்தது. டாக்டர், பொறுங்கள் என்றார். பொறுத்தோம். பத்து நாளில் காற்று கொஞ்சம் குரலானது. பொங்கல் தாண்டியபோது பேச்சு முழுசாகத் திரும்பிவிட்டது, பழையதைவிட அரைக்கட்டை இறங்கி, கொஞ்சம் மணல் கலந்த மாதிரி. வீட்டுக்குள் திட்டுவதற்கு எந்தக் குறையும் இல்லை. அந்த உச்ச 'ஏ' மட்டும் வரவில்லை. எட்டிப் பார்க்கும், உடைந்துவிடும். இனிமேல் வந்தால் வரலாம், இல்லாவிட்டால் இல்லை என்றார் டாக்டர். கம்பெனியில் அவளுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார்கள். முதல் நாள் வேலை முடிந்து வந்தவள் அதைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினாள். "ட்ராபிக் போலீசு ஆயிட்டேன்" என்றாள். நான் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

பாட்டைக் கேட்க மாட்டேன் என்று ரெண்டு மாதம் தள்ளிப்போட்டாள். "என் குரலப் பாத்து நானே பொறாமப்படணுமா?" என்பாள். நானும் வற்புறுத்தவில்லை. கிட்டாரை மறுபடி மறுபடி மெருகேற்றிக்கொண்டிருந்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக வாசித்துச் சேர்த்த நாலு அடுக்குக் கிட்டார். என் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளாகவே மாடியறைக்கு வந்தாள். "போடுங்க" என்றாள். ஹெட்போனை மாட்டிவிட்டேன். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரணத்தில் ஒன்றும் தெரியவில்லை. பல்லவி வந்தபோது அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அடுத்த மாடி அக்கா "எந்தப் பக்கம் வருது?" என்று கேட்கிற இடத்தில் சிரித்தாள். முதல் தரத்தில் பதிவான அதை நான் வெட்டாமல் சேர்த்திருந்தேன். முடிந்தும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"நல்லாத்தான் கத்தியிருக்கேன்" என்றாள். "இனிமே இவ அங்கன இருந்து கத்தட்டும். நான் சும்மா இருக்கேன்."

"ம்."

"ஒண்ணு சொன்னாக் கோவிக்க மாட்டீகளே?"

"சொல்லு."

"கிட்டாரக் கொஞ்சம் கொறைங்க."

குறைத்தேன். மறுபடி கேட்டாள். "இன்னும்." குறைத்தேன். "இன்னும் கொஞ்சம்." நாலு அடுக்கு மூன்றாகி, ரெண்டாகி, ஒன்றாகி, அந்த ஒன்றும் தேய்ந்தது. என் ரெண்டு மாதத்து மரவேலை முழுக்கத் தூளாகக் கீழே உதிர்ந்துகொண்டிருந்தது.

"இப்பக் கிட்டாரே கேக்கலையேப்பா" என்றேன்.

"எனக்குக் கேக்குது. நான் மூச்சு எடுக்குற எடத்துல கேக்குது பாருங்க." ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பி என் காதில் வைத்தாள். "அம்புட்டுப் போதும்."

கேட்டேன். அவள் ஒரு வரியை முடித்து மூச்சு இழுக்கிற அந்த இடைவெளியில் என் கிட்டார் லேசாக எட்டிப் பார்த்து, அவள் அடுத்த வரியைத் தொட்டதும் ஒதுங்கிக்கொண்டது. அப்படியே வைத்துச் சேமித்தேன்.